குச்சி கேக்குது, அடி எங்கே? – காதும் ஒலிக்கலவையும் பற்றிச் சில குறிப்புகள்

கண்ணைப் பற்றி நாம் நிறையவே பேசியாயிற்று. பார்வை என்பது வெறுமனே பார்ப்பதல்ல, அதிகாரத்தின் ஒரு செயல்பாடு என்று ஃபூக்கோவை வைத்துக்கொண்டு எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. சினிமாவில் காமிரா யாருடைய கண் என்று கேட்காத சிறுபத்திரிகை இல்லை. ஆனால் காது? பாட்டைப் பற்றி எழுதும்போதுகூட அதன் வரிகளைப் பற்றித்தான் எழுதுகிறோம். ஒலியையும் கண்ணால் படித்துவிட்டே பேசுகிறோம். இசைக்கும் இரைச்சலுக்கும் நடுவில் கோடு கிழிப்பதில் அதிகாரத்துக்குப் பங்கு உண்டு என்று ழாக் அத்தாலி 1977இலேயே ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த பிறகும் காது என்பது திறந்துகிடக்கும் வாசல், வருவதையெல்லாம் அப்படியே உள்ளே விட்டுவிடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியல்ல என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகமல்ல, ஒரு கேசட். அந்தக் கதையைச் சொல்லி, ஒலிக்கலவையில் காதின் பங்கு எது, நம்முடைய பங்கு எது என்று பிரித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

1

1992. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகள் குத்தகைக்குக் கிடைத்தன. தெருவுக்குத் தெரு பாட்டும் நாடகமும். நானும் ஒரு சின்னக் கலைக்குழுவில் இருந்தேன். பாடுவதற்கு நான்கு பேர், அதில் மூவர் பெண்கள். தப்படிக்க இரண்டு பேர். பறையை அடிப்பதா விடுவதா என்ற விவாதம் தலித் இயக்கங்களுக்குள் அப்போதே இருந்தது. அதற்குள் இங்கே நான் போகவில்லை. எங்கள் குழுவில் அடித்தவர்கள் 'சாவுக்கு அடிக்க மாட்டோம், இதுக்கு அடிப்போம்' என்று தாங்களே முடிவெடுத்து வந்தவர்கள்.

ஆறு பாட்டுகளைக் கேசட்டாகப் போடலாம் என்று காசு திரட்டி, வெளியூர் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றுக்குப் போனோம். பதிவு செய்தவர் எங்கள் பாட்டோடு ஒரு கீபோர்டையும் சேர்த்தார். முடிந்ததும் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். அறையே அதிர்ந்தது. எல்லோருக்கும் பரம திருப்தி.

ஒரு வாரம் கழித்து அன்னவாசல் பக்கம் கல்லுடைப்பவர் குடியிருப்பு ஒன்றில் ராத்திரி எட்டு மணிக்கு அந்தக் கேசட்டைப் போட்டோம். பேட்டரியில் ஓடும் சின்ன டேப்ரெக்கார்டர். பக்கத்துக் குடிசையில் குழந்தை தூங்குகிறது என்று சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தோம். குழுவில் மூத்தவரான தப்படிக்கும் அண்ணன் குனிந்து செட்டிடம் காதைக் கொண்டுபோனார். முதல் பாட்டு முடிந்ததும் கேட்டார்: "தம்பி, குச்சி கேக்குது. அடி எங்க?"

தப்பில் இரண்டு குச்சி. ஒரு கையில் நீண்டு மெல்லிசான மூங்கில் சிம்பு. இன்னொரு கையில் குட்டையான, கனத்த அடிக்குச்சி. சிம்பு தோலின் மேல் சுளீரென்று விழும். அடிக்குச்சி 'தொம்' என்று இறங்கும். பாட்டைத் தாங்குவது இரண்டாவது. கேசட்டிலோ 'டக டக டக' என்று தகரத்தில் தட்டுவது போன்ற ஒரு சத்தம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அடுத்த கூட்டத்தில் 'ஒலியின் தீண்டாமை' என்ற தலைப்பிலேயே பேசினேன். பறையின் சத்தத்தைத் திட்டமிட்டே அழித்துவிட்டார்கள் என்றேன். தோழர்கள் கைதட்டினார்கள்.

கூட்டத்துக்கு மைக் செட் போட்டவர் மட்டும் கைதட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டார். "கேசட்டக் குடுங்க சார்" என்று வாங்கித் தன் ஆம்ப்ளிபயரில் போட்டார். கூம்பு ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டி ஸ்பீக்கரை மாட்டினார். மெதுவாக வைத்தார்: டக டக. திருகைக் கூட்டிக்கொண்டே போனார்: தொம், தொம் என்று அடி எழுந்து வந்தது. மறுபடி குறைத்தார். அடி மண்ணுக்குள் போய்விட்டது, குச்சி மட்டும் நின்றது. "அடி கேசட்டுலதான் சார் இருக்கு. ஒங்க காதுலதான் இல்ல" என்றார்.

அதே கேசட், அதே பெட்டி. மாறியது திருகு மட்டும். என் பேச்சில் பாதி அன்றைக்கே பொய்யாகிவிட்டது. மீதிப் பாதி பொய்யா மெய்யா என்று தெரிந்துகொள்ளத்தான் காதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

2

காது எல்லா ஒலியையும் சமமாக நடத்துவதில்லை. இது பழக்கத்தால் வந்த கோளாறு அல்ல, உடம்பின் அமைப்பு. வெளிக்காதின் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். ஒரு முனை திறப்பு, மறுமுனையில் செவிப்பறை. (நம் மொழி காதுக்குள்ளேயே ஒரு பறையை வைத்திருக்கிறது.) பேனா மூடியின் வாயில் ஊதினால் அதற்கென்று ஒரு கீச்சுச் சத்தம் வருமல்லவா, அதுபோல் இந்தக் குழாய்க்கும் சொந்தமாக ஒரு சுருதி உண்டு: 3000 ஹெர்ட்ஸை ஒட்டி. அந்த வட்டாரத்தில் வரும் ஒலியைக் காது தானாகவே பெரிதாக்கிக்கொள்கிறது. மெய்யெழுத்துகளின் கூர்மை, உலோகத்தின் கிணுகிணுப்பு, சிம்பின் சுளீர் எல்லாம் ஏறக்குறைய இந்தப் பக்கத்து ஆட்கள். கீழே 100, 50 ஹெர்ட்ஸ் என்று இறங்க இறங்கக் காது மந்தமாகிறது.

இதோடு நின்றிருந்தால் பெரிய சிக்கலில்லை. கீழே இருப்பதைக் கொஞ்சம் கூட்டிப் பதிவு செய்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த மந்தம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சத்தம் குறையக் குறைய மந்தம் கூடுகிறது. இதை முறையாக அளந்து 1933இல் வெளியிட்டவர்கள் ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும். அளந்த இடம் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடம். 1956இல் ராபின்சனும் டாட்சனும் மறுபடி அளந்தார்கள். 2003இல் சர்வதேசத் தர நிறுவனம் புதிய அளவுகளோடு அந்த வளைகோடுகளைத் திருத்தி வெளியிட்டது.

எண்ணில் சொன்னால் விளங்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை 80 டெசிபெலில் வைக்கிறோம், பதிவுக்கூடத்துச் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சமமான உரப்போடு 100 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமென்றால் அதற்கு 12 டெசிபெல் போலக் கூடுதலாகக் கொடுத்தால் போதும். இப்போது 1000 ஹெர்ட்ஸ் ஒலியை 40 டெசிபெலுக்கு இறக்குங்கள், ராத்திரிக் குடிசைக்குள் கேட்கும் சத்தம். இப்போது 100 ஹெர்ட்ஸுக்குக் கூடுதலாக வேண்டியது 24 டெசிபெல். ஆனால் திருகைக் குறைக்கும்போது இரண்டும் ஒரே அளவு, நாற்பது நாற்பது டெசிபெலாகத்தான் குறைகின்றன. ஆகவே கீழ் ஒலி 12 டெசிபெல் கடனில் விழுகிறது. அந்த இடத்தில் அதன் உரப்பு மேல் ஒலியின் உரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. 200 ஹெர்ட்ஸில் இந்தப் பள்ளம் ஆழம் குறைவு, ஆனாலும் பள்ளம்தான். இதன் மேல் சின்ன டேப்ரெக்கார்டரின் உள்ளங்கை அகல ஸ்பீக்கர் கீழ் ஒலிகளைச் சரியாக எழுப்பாத கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணனின் அடி போன வழி இதுதான்.

எனவே ஒலிச் சமநிலை என்பது நாடாவில் இருக்கும் ஒரு பொருள் அல்ல. நாடாவுக்கும் திருகுக்கும் காதுக்கும் நடுவில், ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்படும் ஓர் உறவு. 'நல்ல மிக்ஸிங்' என்று யாராவது சொன்னால், எந்தச் சத்தத்தில், எந்தச் செட்டில், யாருடைய காதுக்கு என்று கேட்காமல் விடக்கூடாது.

3

இன்னொன்றும் நடக்கிறது. உள்காதில் நத்தைக் கூடு மாதிரிச் சுருண்ட ஓர் உறுப்பு. அதை விரித்தால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளச் சவ்வு. ஒலி அதன் வாயில் நுழைந்து அலையாக ஓடுகிறது. கீச்சுச் சத்தங்கள் வாசலருகிலேயே சவ்வை அசைத்துவிட்டு அடங்குகின்றன. கனத்த சத்தங்கள் கோடி வரை பயணம் போகின்றன. இதைக் கண்டறிந்து சொன்ன கியோர்க் பெக்கெஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் விளைவு: கனத்த ஒலி தன் இடத்துக்குப் போகும் வழியில் மற்ற ஒலிகளின் இடத்தையும் அசைத்துவிட்டுத்தான் போகிறது. அது உரக்க இருந்தால் தனக்கு மேலே உள்ள மெலிந்த ஒலிகளை மறைத்துவிடும். பக்கத்துப் பக்கத்துச் சுருதியில் இரண்டு ஒலி இருந்தால் உரத்தது மற்றதைச் சாப்பிட்டுவிடும்.

எங்கள் கேசட்டில் கீபோர்டுக்காரரின் இடது கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கீழ்ஸ்வரங்களும் தப்பின் அடியும் ஒரே வட்டாரத்தில் குடியிருந்தன. கீபோர்டு நீண்டு நின்று ஒலிக்கிறது, அடியோ விழுந்த கணத்தில் தீர்ந்துவிடுகிறது. பெரிய சத்தத்தில் எப்படியோ இரண்டும் தெரிந்தன. சத்தம் குறைந்ததும் எஞ்சியிருந்த சிறு இடத்தைக் கீபோர்டு எடுத்துக்கொண்டது.

ஒலிக்கலவை செய்கிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அவர்கள் வேலையே ஒருவகை நிலப்பங்கீடுதான். பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் பாட்டை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில்லை. பாட்டு குடியிருக்கும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் மற்ற வாத்தியங்களைக் கொஞ்சம் குறைத்து வழிவிடச் செய்வார்கள். எங்கள் கேசட்டில் பாட்டுக்கு இந்த மரியாதை நடந்திருந்தது. மெதுவாக வைத்தாலும் வரிகள் புரிந்தன. தப்புக்கு நடக்கவில்லை. கீபோர்டில் அந்த இடத்தைக் குறைத்திருந்தால் போதும், ஒரு திருகு வேலை. என் பேச்சின் மீதிப் பாதி இங்கேதான் மெய்யாகிறது. கெட்ட எண்ணத்தால் செய்தார் என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். பாட்டு மறைந்துவிடுமோ என்று அவருக்குக் கவலை இருந்தது, தப்பு மறைந்துவிடுமோ என்ற கவலை எழவே இல்லை. அவ்வளவுதான். ஆனால் கவலை யாருக்காக எழுகிறது, யாருக்காக எழுவதில்லை என்பது காதின் அமைப்பில் இல்லை.

4

இங்கே ஒரு தோழர் குறுக்கிடலாம்: பறையின் ஒலியே அப்படி, அதில் சுருதி இல்லை, பதிவுக்கு அடங்காது என்று. இதில் கொஞ்சம் பௌதிகம் இருக்கிறது, தள்ளிவிட முடியாது. திருச்சிக்காரரான சி.வி. ராமன் மிருதங்கத்தையும் தபலாவையும் ஆராய்ந்து, தோலின் நடுவில் ஏற்றும் கருஞ்சாந்துதான் அதன் மேலொலிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்ற ஒழுங்கான விகிதத்தில் நிறுத்துகிறது என்று காட்டினார். சாந்து இல்லாத தோலின் மேலொலிகள் அப்படி ஒழுங்குக்கு வருவதில்லை. ஒழுங்கான மேலொலிகளுக்குக் காது ஒரு சலுகை தருகிறது: அடிச்சுருதி வராவிட்டாலும் மேலொலிகளை வைத்து அதைத் தானே ஊகித்துக் கேட்டுக்கொள்ளும். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. ஆணின் குரலின் அடிச்சுருதி அதற்கும் கீழே. இருந்தும் போனில் அப்பா குரல் அப்பா குரலாகவே கேட்டது இப்படித்தான். சின்ன ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஓரளவு இந்தச் சலுகை உண்டு. தப்புக்கு அது மிகக் குறைவு.

ஆக, காதின் சட்டம் எல்லா வாத்தியத்துக்கும் ஒன்றுதான். அதன் பாரம் எல்லார் தலையிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. சட்டங்களைப் பற்றி நாம் ஏற்கனவே அறிந்ததுதான் இது.

ஆனால் பௌதிகம் தீர்ப்பு எழுதிவிடவில்லை என்பதற்குப் புதுக்கோட்டையிலேயே சாட்சி இருக்கிறது. கஞ்சிரா. அதுவும் சட்டத்தில் இறுக்கிய ஒற்றைத் தோல்தான், அதிலும் கருஞ்சாந்து கிடையாது. பஜனைகளில் கிடந்த அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதை நிலைநாட்டினார். இன்றைக்குக் கச்சேரியில் கஞ்சிராவுக்கு என்று தனி மைக் உண்டு. அதன் கும்காரம் கேட்கும்படி திருகைத் திருத்த ஆள் உண்டு. சாந்தில்லாத தோல் மேடையேற முடியும் என்றால், ஏறாத தோல் ஏன் ஏறவில்லை என்ற கேள்விக்கு அலைவெண்ணில் விடை தேடிப் பயனில்லை.

5

கடைசியாக, இந்தக் 'காது' யாருடையது? 2003 தரத்தில் உள்ள வளைகோடுகள் காதில் குறையற்ற, 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் காதைக் குறிப்பவை. அளப்பதற்கு ஓர் இடம் வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்னவாசலில் அன்றிரவு எங்களோடு உட்கார்ந்திருந்த ஒரு கல்லுடைக்கும் அக்கா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "சத்தம் வருதுப்பா, வார்த்த வெளங்கல." நாங்கள் பேட்டரியைத்தான் சந்தேகப்பட்டோம். ஆண்டுக்கணக்கில் சம்மட்டியும் துளைக்கருவியும் வெடியும் கேட்ட காது முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தை என்று பிறகுதான் படித்தேன். மெய்யெழுத்துகள் மழுங்கும், உயிரெழுத்து மட்டும் கேட்கும். பதிவாளர் அவ்வளவு அக்கறையோடு வழிவிட்டுக் கொடுத்த அந்தப் பகுதிதான் அவளுக்கு இல்லை. அவளுக்காகத்தான் அந்தப் பாட்டு.

அவள் கல்லுடைத்த பகுதியிலிருந்து குடுமியான்மலை தொலைவில் இல்லை. அங்கே குகைக் கோயிலருகே பாறையில் கிரந்த எழுத்தில் ஸ்வரங்களை நான்கு நான்காக வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இசை வரலாற்றுக்காரர்கள் கொண்டாடுவது. ஸ்வரம் வெட்டிய பாறை நமக்குத் தெரியும். பாறை வெட்டிச் செவி இழந்தவர்களை இசை வரலாற்றில் எந்தப் பக்கத்தில் தேடுவது?

இந்த வளைகோடு பதிவுக்கூடத்தோடு நிற்கவுமில்லை. ஒலிமானிகளில் 'ஏ' என்று ஒரு வடிகட்டி உண்டு. மெல்லிய சத்தத்தில், அதாவது 40 டெசிபெல் அளவில், காது எப்படிக் கேட்கிறதோ அதைப் பின்பற்றி அமைத்தது. அது 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெலையும் 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபெலையும் தள்ளுபடி செய்யும். இந்தியாவின் ஒலி மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று வைத்திருக்கும் வரம்பு இந்த 'ஏ' அளவில்தான். மெல்லிய சத்தத்துக்கான காதை வைத்துப் பெருஞ்சத்தத்தை அளக்கிறோம். வண்டியில் அடுக்கிய பெட்டிகள் சுவரை அதிரவைக்கும் கனத்த ஒலிக்குக் கருவி தள்ளுபடி கொடுக்கும், தப்பின் சிம்புக்கோ ஒரு டெசிபெலும் தள்ளாது. அதிர்வைத் தாங்குகிற நெஞ்சுக்கு அந்தக் கருவியில் முள் கிடையாது.

6

என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மறுபடி காசு சேர்த்து, வேறிடத்தில் மூன்று பாட்டை மட்டும் திரும்பக் கலந்தோம். பெரிய ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, மெல்லப் பேசும் சத்தத்தில், மலிவான டேப்ரெக்கார்டரில் கேட்டுக் கேட்டுத் திருத்தினோம். கீபோர்டின் இடது கையைக் குறைத்தோம். அடியின் ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை, சின்னச் செட் அதைத் தராது. எனவே அடிக்குச்சி தோலில் இறங்கும்போது 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை எழும் மொத்து ஒலியைக் கொஞ்சம் தூக்கினோம். அந்தக் கல்லுடைக்கும் அக்காவுக்காகப் பாட்டின் வேகத்தைக் குறைத்துப் பாடியிருக்கலாம் என்று அப்போது தோன்றியது, ஆனால் பதிவு முடிந்துபோயிருந்தது. முக்கியமாக, அண்ணனைத் திருகுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். முதல் தடவை அவரை வெளித் திண்ணையில் உட்கார வைத்திருந்தோம். அதைச் செய்தது பதிவாளர் அல்ல, நாங்கள்தான்.

இன்று கேசட் போய்விட்டது, டேப்ரெக்கார்டரும் போய்விட்டது. ஆனால் பறைப் பாட்டை நாம் கேட்பது பெரும்பாலும் கைபேசியில். அதன் ஸ்பீக்கர் டேப்ரெக்கார்டரைவிடச் சின்னது. காது மாறவில்லை. அதனால் இயக்கப் பாடல்களைப் பதிவு செய்கிற தோழர்களுக்கு இது பழைய கதையாகிவிடவில்லை.

இரண்டாவது கேசட்டை அண்ணன் அதே குடியிருப்பில், அதே சின்ன செட்டில் கேட்டார். "இப்ப பரவால்ல தம்பி, அடி வருது" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "ஆனா நெஞ்சுல இடிக்கலயே" என்றார்.

அதற்கு என்னிடம் திருகு இல்லை. அதற்குத் தப்பு தெருவுக்குத்தான் வரவேண்டும். எந்தத் தெருவுக்கு வரலாம், எந்தத் தெருவுக்கு வரக்கூடாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கும்வரை, அது காதைப் பற்றிய கேள்வியும் அல்ல.